அத்தானுக்குப் படைத்த பியர்

இறந்தவர்களுக்குப் படைக்கும்போது அவர்களுக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும் என்பது எங்கள் பக்க வழக்கம். பிடித்தது வெடிக்கக்கூடியதாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் சொந்த முயற்சியில் கண்டுபிடித்தேன். (யாரிடமாவது ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?)

புத்தூரில் அக்கா வீட்டு வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே முதன்முதலாகச் சின்ன அளவில் பியர் காய்ச்சிய இடம் அதுதான் என்று அத்தான் சொல்லுவார். மறுத்துச் சொல்ல வேறு யாரும் காய்ச்சவில்லை. அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஜெர்மனியில் ஒரு சிற்றூர் பியர் ஆலையில் பீப்பாய் கழுவி, மெல்ல மெல்லக் காய்ச்சவும் பழகி ஊர் திரும்பியவர். "தவறணையிலை கள்ளு இருக்கு. கடையிலை கொழும்புப் பியர் இருக்கு. எங்கடை பியர் எங்கை?" என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்பார். அனுமதிப் பத்திரம் கையில் கிடைப்பதற்குள் அவருக்கு முன்தலை முழுக்க வழுக்கையாகிவிட்டது.

பியர்களுக்குப் பெயர் வைத்தது அக்கா. நாங்கள் கொழும்புத்துறைப் பிள்ளைகள். அப்பா காற்றின் பெயரைச் சொல்லித்தான் கடலுக்குப் போவார், போகாமலும் விடுவார். அதனால் பியர்களுக்கும் காற்றுகளின் பெயர்தான்: கறுத்தக்கொழும்பான் மாம்பழம் போட்ட பியர் 'சோளகம்' ஆனது. தேசிக்காய்த் தோல் போட்டது 'கச்சான்'. (எங்கள் ஊரில் நிலக்கடலைக்கும் அதுதான் பெயர். உள்ளே கடலை கிடக்கிறது என்று நினைத்துப் போத்தலைக் குலுக்கிப் பார்த்தவர்களும் உண்டு.) பனங்கட்டி போட்ட கறுப்புப் பியர் 'வாடை'. முதல் இரண்டும் கடைக்குப் போயின. அத்தான் உயிரை விட்டதென்னவோ வாடைக்குத்தான். ஒருமுறை கசக்கும், ஒருமுறை புளிக்கும், கிணற்றடியில் ஊற்றிவிட்டுத் திரும்பவும் தொடங்குவார். "அடுத்த முறை சரிவரும், மச்சான்" என்று என்னிடம் சொன்ன கிழமையே மாரடைப்பு வந்து போய்விட்டார்.

அதோடு அக்கா கொட்டிலைப் பூட்டினா. ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருடத் திதி, நெருங்கியபோது அத்தானின் தமையன், நாங்கள் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், வெங்காயம் வைக்கக் கொட்டிலைக் கேட்டு வந்தார்.

"உந்தக் குடிவேலை இனி என்னத்துக்குப் பிள்ளை? சும்மா கிடக்கிற கொட்டில்தானே."

"திவசம் முடியட்டும், சொல்லுறன்" என்றா அக்கா. அவர் படலை தாண்டியதும் என் பக்கம் திரும்பினா. "தம்பி, அவர் கடைசிவரைக்கும் நல்ல வாடை ஒண்டு குடிக்கேல்லை. படையலுக்கு ஒருக்கா வைக்க வேணும். உன்னாலை ஏலுமே?"

"ஓம் அக்கா" என்றேன். (அந்தக் கொட்டிலில் நான் அதுவரை செய்த வேலை லேபல் ஒட்டுவது. அதுவும் கோணலாக.) ஆனால் பியர் சரிவந்தால் அக்கா கொட்டிலை விடமாட்டா என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவவை மறுபடி அந்த அடுப்பின் முன்னால் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அத்தான் காய்ச்சும்போது பக்கத்தில் நின்று பார்த்த ஞாபகத்தில் காய்ச்சினேன்; நன்றாகவே வந்தது. கடைசி வேலை, போத்தலில் அடைக்கு முன் நுரை வரப் பனங்கட்டி கரைத்து விடுவது. அத்தானின் கணக்கு எனக்கு மனப்பாடம்: ஒரு வாளிக்கு ஒரு குட்டான். பனையோலையில் பின்னிய சிறு பெட்டியில் பனங்கட்டியை ஊற்றி இறுக விடுவார்களே, அதுதான் குட்டான். அத்தான் வாங்குவது உள்ளங்கைக்குள் அடங்கும். நான் சந்தையில் வாங்கியது கிட்டத்தட்ட ஒரு தேங்காயளவு. அத்தானுக்குச் செய்வதில் என்ன கஞ்சத்தனம் என்ற நல்லெண்ணம்தான்.

"பனங்கட்டி கூடிச்சுதெண்டால் போத்தல் கதைக்கும், மச்சான்" என்றும் அத்தான் சொல்லியிருந்தார். அதைப் பாராட்டு என்று நான் விளங்கிக்கொண்டேன். நல்ல சரக்கென்றால் தானே பேசும் என்கிறார்களே, அப்படி.

திவசம் சைவத்தோடு முடிந்து, அடுத்த நாள் மத்தியானம் மச்சப் படையல். பிட்டு, நண்டுக் கறி, ஆட்டிறைச்சி, ஒரு சுருட்டு. அத்தானின் படத்துக்கு முன்னால், குத்துவிளக்கை ஒட்டி, நான்கு போத்தல் வாடையை நானே வரிசையாக வைத்தேன். லேபல்கூட நேராக இருந்தது. சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்தினோம். அவர் வந்து சாப்பிடும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

விறாந்தையில் இருந்தோம். பெரியத்தான் மெதுவாகத் தொடங்கினார். "அப்ப பிள்ளை, வெங்காயம் நாளைக்கு ஏத்தலாமெண்டு..."

உள்ளே 'டும்' என்றது.

பெரியத்தான் கதிரையிலிருந்து எழும்பினார். "என்னது?" இரண்டாவது 'டும்'. கூடவே கிண்ணம் உருளும் சத்தம். பெரியத்தான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று, செத்துப்போன தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினார். "தம்பி! நான் சும்மா கேட்டனான் தம்பி! கொட்டில் உன்ரைதான்! வெங்காயம் வெளியிலை கிடக்கட்டும்!"

எனக்கு அப்போதுதான் 'போத்தல் கதைக்கும்' என்பதன் பொருள் முழுதாக விளங்கியது. பாய்ந்துபோய்க் கதவில் கை வைத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டா.

"திறக்காதை. வந்திட்டார்."

"அக்கா, அது..."

"பேசாமல் நில்."

கதவுப் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கதைக்கத் தொடங்கினா. "ஏனப்பா இவ்வளவு நாளும் வரேல்லை? கனவிலை கூட வரேல்லையே. ஒருக்கா வந்து எட்டிப் பாத்திருக்கலாமே." மூன்றாவது போத்தல் பதில் சொன்னது. ஒரு வருடமாக அந்தக் குரலை நாங்கள் யாரும் கேட்கவில்லை. புருஷனிடம் மட்டும் கதைக்கிற குரல் அது. நான் குட்டானைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நாலாவதும் வெடித்துச் சத்தம் ஓய்ந்த பிறகு கதவைத் திறந்தோம். நண்டுக் கறிக்குள் கண்ணாடி. பிட்டெல்லாம் கறுப்பு. சுவரிலிருந்து பியர் வழிந்தது. படத்தில் அத்தானின் மீசைக்கு மேலே மட்டும் திட்டாக நுரை ஒட்டியிருந்தது. உயிரோடு இருந்தபோது முதல் மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்தால் அப்படியேதான் இருப்பார். அக்கா பார்த்தா. சிரித்தா. சிரித்துச் சிரித்து நிலத்தில் குந்திக்கொண்டு அழுதா.

பின்னேரம் கொட்டிலில் மிஞ்சியிருந்த போத்தலொன்றைச் சாக்கால் போர்த்தித் திறந்தோம். முக்கால்வாசி கூரைக்குப் போனது. மிச்சத்தை அக்கா ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தா. "இனிப்புக் கூடிப்போச்சு. மற்றும்படி இதுதான் தம்பி. இதைத்தான் அவர் தேடினவர்."

அடுத்த கிழமை அக்காவே அடுப்பை மூட்டினா. வாடை இன்று யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்கிறது. பெரியத்தான் கொட்டில் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை. எனக்குக் குடும்பத்தில் பெயர் 'பெரிய குட்டான்'. கனடாவிலிருந்து தொலைபேசி எடுக்கிற சொந்தக்காரர்கள்கூட, "பெரிய குட்டான் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்கிறார்கள். பனங்கட்டியில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை. பழையபடி லேபல்தான்.

அந்தப் பெயர் வந்தது, ஒருநாள் லேபல் ஒட்டிக்கொண்டே நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்த பிறகுதான். அக்கா மூடி இறுக்குகிற வேலையை நிறுத்தவில்லை.

"குட்டான் பெரிசெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். வெறும் ஓலைப்பெட்டியைக் குசினிக்குள்ளை நீதானே போட்டுவிட்டுப் போனனி."

"பிறகேன் வந்திட்டாரெண்டு சொன்னனீங்கள்?"

"வந்தவர்தானே" என்றா.

இப்போதும் கொட்டிலில் எங்காவது ஒரு மூடி 'டப்' என்று கழன்றால், பேசிக்கொண்டிருக்கிற அக்கா நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பா. பனங்கட்டி அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கும். நானும் பார்க்கிறேன்.