மூன்று சிந்தசைசரும் ஒரு பாபின் கேஸும்

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் இந்த ஸ்பீக்கர்ல என் சொந்தப் பாட்டு கேக்கும். கேக்கலைன்னா இந்த ரூம் உனக்கு!"

மார்தட்டிக்கொண்டு இப்படி முழங்கியவன் நான்தான். சும்மா இருந்திருக்கலாம். இந்த வீட்டில் என் மனைவிக்கு அடங்காதது என் வாய் ஒன்றுதான். அதுதான் என்னைக் கவிழ்க்கவும் செய்கிறது.

எங்கள் வீட்டில் உபரியாக இருப்பது ஒரே ஓர் அறை. அதில், பியானோ மாதிரிக் கட்டைகளை அழுத்தி வாசிக்கிற என் மூன்று சிந்தசைசர்களும் சொகுசாக வாழ்ந்துகொண்டிருந்தன. மனைவி தையற்காரி. அவளுடைய மெஷின் ஹாலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் இடியெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றது. "சோறு போடற மெஷின் செருப்புக்குப் பக்கத்துல. சத்தம் மட்டும் போடற மெஷினுக்குத் தனி ரூமா?" என்று அவள் கேட்டாள். பதில் இல்லாதபோதுதான் எனக்குச் சபதம் வரும்.

"சரிங்க. எதிர்வீட்டு டீச்சரையும் என் தம்பியையும் கூப்பிடறேன். அவங்களும் கேக்கட்டும்."

"தாராளமா! ஆனா அதுவரைக்கும் நீ என் வயர் பக்கம் வரக்கூடாது. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"வரலை. பேசலை. காலையில வீடியோவுல தையல் கிளாஸ் எடுக்க லேப்டாப் மட்டும் குடுங்க, போதும்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வேலையில் இறங்கினேன். மூன்று சிந்தசைசரின் ஒலியும் முதலில் மிக்சர் என்கிற குமிழ்ப் பலகைக்குள் போய் ஒன்றாகக் கலக்கும். அங்கிருந்து இன்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டிக்குப் போகும். அது கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் வயர்களை மாட்டி முடித்தபோது அறைக்குள் நுழைந்த எனக்கு வெளியே வர வழி தெரியவில்லை.

ஹெட்போனை மிக்சரில் செருகிக் கேட்டேன். "கொர்ர்ர்ர்ர்."

ஹாலில் அவள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிடித்துவிட்டேன் குற்றவாளியை! அந்த மோட்டார்தான்.

"கொஞ்சம் மெஷினை நிறுத்தேன். கொர்ருங்குது."

"டீச்சரோட ஸ்கூல் நாடகத்துக்கு டிரஸ்ஸுங்க. திங்கக்கிழமைக்குள்ள குடுக்கணும். இதைச் சரியா குடுத்தா அந்த ஸ்கூல் தையல் மொத்தமும் எனக்குத்தான். எப்படி நிறுத்தறது?"

அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். எழுதவே கை கூசுகிறது. தையல் மெஷினின் அடியில் நூலைப் பிடித்துக்கொள்ள ஒரு குட்டி இரும்புக் கூடு உண்டு. பாபின் கேஸ் என்பார்கள். அது இல்லாவிட்டால் ஒரு தையல் விழாது. அதைக் கழற்றி, மூன்றாவது சிந்தசைசர் வந்த அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன்.

மெஷின் நின்றது. கொர்ர் நிற்கவில்லை.

மறுநாள் தெரிந்தது. குற்றவாளி லேப்டாப் சார்ஜர். அதைப் பிடுங்கினேன், கொர்ர் போயே போச்சு. உடனே பாபின் கேஸைத் திருப்பி வைத்திருந்தால் நான் மனிதன். ஆனால் அவள் அதற்குள் தேட ஆரம்பித்திருந்தாள். "எங்கே கிடைச்சது?" என்று கேட்டால் என்ன சொல்வது? நானும் கூடத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன். சோபாவைப் புரட்டினேன். அந்த அட்டைப் பெட்டியைத் தவிர வீடு முழுக்கத் தேடினேன்.

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் நான் ஆபீஸிலிருந்து வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையாலேயே தைத்துக்கொண்டிருப்பாள். கறுப்புத் துணி. நாடகத்தில் அரக்கன் வேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை விரலில் ஊசி குத்தி "ஸ்ஸ்" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தோடேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன்.

ஞாயிறு மதியம் பதிவு. ஹெட்போனில் மூன்று சிந்தசைசரும் தேனாகப் பொழிந்தன. திரையில் அலைகள் துள்ளின. பாதியில் கதவு திறந்தது. அவள் நிலைப்படியைத் தாண்டாமல் நின்று ஏதோ கேட்டாள். ஏதோ சொல்லி அனுப்பினேன். பாட்டை நிறுத்தவில்லை. வயர் வழியாக வருவது மட்டும்தானே பதிவாகும்? அறைக்குள் குண்டு விழுந்தாலும் பாட்டில் கேட்காது.

சாயந்திரம் டீச்சர் வந்தார். மச்சினன் வந்தான். நான் தலையை நன்றாக வாரிக்கொண்டு வந்து பட்டனை அழுத்தினேன்.

டொக். டொக். டொக் டொக்.

"மாமா, யாரோ கதவைத் தட்டறாங்க," என்றான் மச்சினன்.

கதவு இல்லை. என் விரல் கட்டைகளில் விழுகிற சத்தம். கூடவே ஒரு ஆண்குரல், "தன்னனா... தன்னன்னா" என்று தாளமும் இல்லாமல் சுருதியும் இல்லாமல் முனகியது. யாரடா இந்தக் கழுதை என்று நினைத்தேன். நான்தான்.

"பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று டீச்சர் மரியாதையாகக் கேட்டார்.

ஸ்பீக்கரில் கதவு கிறீச்சிட்டது. மனைவியின் குரல் தெள்ளத்தெளிவாக வந்தது: "ஏங்க, என் பாபின் கேஸைப் பாத்தீங்களா?"

"சத்தியமா பாக்கலையே!" இது என் குரல்.

கதவு சாத்துகிற சத்தம். அட்டைப் பெட்டி திறக்கிற சத்தம். பிறகு மறுபடி நான்: "அப்பாடா, பத்திரமா இருக்கு. பாட்டு முடியட்டும். மெஷினுக்கு அடியில போட்டுட்டு, நீதான் தொலைச்சேன்னு சொல்லிடலாம்."

தன்னனா. டொக் டொக்.

பாய்ந்து போய் நிறுத்தினேன். திரையைப் பார்த்தேன். பதிவானது இன்டர்ஃபேஸிலிருந்து இல்லை. லேப்டாப்பின் சொந்த மைக்கிலிருந்து. ஹெட்போனில் நான் கேட்ட தேன் மிக்சரோடு நின்றுவிட்டது.

"காலையில கிளாஸுக்காக நான்தான் அந்த மைக்குக்கு மாத்தினேன்," என்றாள் மனைவி.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"உங்க வயரைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னீங்களே."

மச்சினன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள்கள் குலுங்கின. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. பெட்டியைத் திறந்து பாபின் கேஸை எடுத்து அவள் கையில் வைத்தேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடும்மா. டீச்சர், தப்பு என்னுதுதான். நாளைக்கு டிரஸ் வரலைன்னா இவளைக் கோவிச்சுக்காதீங்க."

"டிரஸ்ஸா? அது அப்பவே வந்துடுச்சே சார்!" என்றார் டீச்சர்.

நான் மனைவியைப் பார்த்தேன்.

"வீட்டுல இருக்கறது நாம ரெண்டு பேரு. பாபின் கேஸ் தானா எழுந்து போகுமா? அன்னைக்கே கடையில புதுசு வாங்கிட்டேன். நீங்க ஆபீஸ் போனதும் மாட்டித் தைப்பேன். நீங்க வர்றதுக்குள்ள கழட்டிடுவேன்."

"அப்போ தினம் கையால தைச்சியே, அந்தக் கறுப்புத் துணி? அரக்கன் வேஷம்?"

அவள் பீரோவைத் திறந்து, மடித்து வைத்திருந்த மூன்று நீளமான கறுப்பு உறைகளை எடுத்து என் கையில் வைத்தாள்.

"உங்க சிந்தசைசருக்குக் கவருங்க. செருப்பு அலமாரி பக்கம் தூசி ஜாஸ்தி."

ஒன்றை எடுத்து ஒரு சிந்தசைசர் மேல் போட்டுப் பார்த்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது.

"வயர் பக்கமே வரலையே நீ. அளவு எப்ப எடுத்தே?"

"நீங்க சபதம் போட்டதுக்கு முந்தின நாளே எடுத்துட்டேன்."