பக்கத்தில் பக்கத்தில் வைத்த பேட்டரி

பட்டினப்பாக்கத்தை விட்டு ராயப்பேட்டை பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, காலில் ஒற்றைச் செருப்பு, முகத்தில் புருவம் இல்லை. புருவம் இல்லாத மனிதன் எந்நேரமும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருப்பதுபோல் தெரிவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எதிரே வந்த நாய்கூட கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குரைத்தது.

அதற்கு முன்னால் சில வாரங்கள் அங்கே ஒரு தெருவில், மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பின்னாலிருந்த தட்டுமுட்டு அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். மீன் கடை கஸ்தூரி அக்கா சொல்லித்தான் இடம் கிடைத்தது. (அக்காவுக்கு மாதாவும் உண்டு, மாரியம்மனும் உண்டு. யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.) அந்தத் தெருதான் மாதா தேரை இழுக்கும். போன வருஷம் ஜெனரேட்டர் பாதி வழியில் நின்று, தேர் இருட்டில் திரும்பியது. பக்கத்துத் தெருக்காரர்கள் செல்போன் வெளிச்சத்தைக் காட்டி, "வழி தெரியுதா நைனா?" என்று கேட்டார்களாம். இந்த வருஷமும் விளக்கு அணைந்தால் தேர் இழுக்கும் உரிமை பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும் என்று முடிவாகியிருந்தது.

அதனால் ஜெனரேட்டரே வேண்டாம், பேட்டரி போதும் என்றார் ஸ்டெல்லா டீச்சர். கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் பொம்மை விமானம் விடுவார். அதற்கு சார்ஜ் ஏற்றிப் போடும் பேட்டரி பேக் இரண்டை எடுத்து வந்தார். ஒவ்வொன்றும் சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. தேவதை வேஷம் போடும் பிள்ளைகளுக்கு அவர்தான் இறக்கை கட்டிவிட வேண்டும் என்பதால், பேட்டரி வேலை என் கைக்கு வந்தது. எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் இன்ஜினியர் மாதிரி ஒரு முகம் வந்துவிடும். அதை எல்லாரும் நம்புவார்கள், முதலில் நான்.

"அண்ணா, மொட்டை மாடியில ரெண்டு தண்ணி டேங்க் இருக்குன்னு வெச்சுக்கோங்க" என்றார் டீச்சர். "ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா குழாயில வேகம் ஜாஸ்தி. அது சீரிஸ். பக்கத்துல பக்கத்துல வெச்சா வேகம் அதேதான், ஆனா ரொம்ப நேரம் வரும். அது பேரலல். நமக்கு ரொம்ப நேரம்தான் வேணும். புரியுதா?"

"பக்கத்துல பக்கத்துல. அவ்ளோதானே டீச்சர்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரண்டு பேக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தேர் குலுங்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடக்கூடாதே என்று டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். ஒயரை என்ன செய்வது என்று டீச்சர் சொல்லவில்லை. (சொல்லியிருப்பார். என் காதில் டேங்க் மட்டும்தான் விழுந்தது.) எனக்குத் தெரிந்த ஒரே பேட்டரி வித்தை டார்ச் லைட்டில் பேட்டரிக் கட்டை போடுவது. இதன் பிளஸ் அதன் மைனஸில் இடிக்க வேண்டும். அப்படியே இணைத்தேன்.

தேர் கிளம்பியது. சுவிட்சைப் போட்டேன். பகல் வந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். நான் குனிந்து வணக்கம் வைத்தேன்.

"இன்னாடா வெளிச்சம் இது! மாதாவுக்கே கண்ணு கூசுது!" என்றார் கஸ்தூரி அக்கா.

அப்புறம் விளக்குச் சரங்கள் ஒவ்வொன்றாகக் கருக ஆரம்பித்தன. டீச்சர் கையில் ஒரு இறக்கையோடு ஓடி வந்தார்.

"அண்ணா, சீரிஸ்ல போட்டு வெச்சிருக்கீங்க!"

"இல்ல டீச்சர், பக்கத்துலதான் வெச்சிருக்கேன், பாருங்க!" டேப்பைக் காட்டினேன்.

டீச்சர் டேப்பைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். பிறகு, "ஒயரை பேரலலா மாத்தணும்... வேணாம், தொடாதீங்க!" என்றார்.

இரண்டில் எதைக் கேட்பது? முதலில் சொன்னதைக் கேட்டேன். ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் போலிருக்கிறது. விளக்குக்குப் போன இரண்டு ஒயரையும் பிடுங்கி, நுனியோடு நுனி அணைத்தாற்போல் சேர்த்துப் பிடித்தேன்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பேட்டரி பூரி மாதிரி உப்பித் தீப்பிடித்ததாகச் சொன்னார்கள். கஸ்தூரி அக்கா ஓரத்தில் கிடந்த படகுத் துடுப்பை எடுத்து அதைத் தேரிலிருந்து மணலுக்குத் தள்ளினார். என் செருப்பில் ஒன்றும் அதோடு போனது.

தேர் இருட்டில் நின்றது. பக்கத்துத் தெருக்காரர்கள் செல்போனோடு வந்தார்கள். இந்தத் தடவை சிரிக்கக்கூட இல்லை. வரிசையாக நின்று, ஜெபமாலை சொல்லி, தேரை அவர்களே இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு பின்னால் நடந்தது. அதற்கப்புறம் தேர் திரும்பி வரவில்லை.

"பசங்க உன்னத் தேடிக்கினு கீறானுங்க. கெளம்பு நைனா" என்று பையை என் தோளில் மாட்டிவிட்டார் அக்கா. வறுத்த வஞ்சிரம் ஒரு துண்டும் கொடுத்தார். இன்றைக்கும் அந்தத் தெருவில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்தால், "டேப்பு சுத்தட்டுமா?" என்றுதான் கேட்கிறார்களாம்.

மறுநாள் காலை ராயப்பேட்டையில் கல்யாண ஊர்வலத்துக்கு விளக்கு வாடகைக்கு விடும் கடை வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"புருவம் இன்னாச்சு?"

சொன்னேன். உள்ளே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு விளக்கைத் தூக்கி என் தலைமேல் வைத்தார்.

"ரெண்டு கையாலயும் இதப் புடிச்சுக்கோ. கை ஒயர் பக்கம் எறங்கிச்சுன்னா வேல போச்சு."