எங்கள் பேட்டையில் டாக்டர் இல்லை

புது வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் காலை, பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஒரு சபதம் செய்தேன். இந்தப் பேட்டையில் எது எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுக்க என்னுடையது. பால், பல்பு, மருந்துக்கடை, டாக்டர், எல்லாம். தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்த இடத்திலேயே தெருத்தெருவாகக் கடிதம் பிரித்தவன் நான். விலாசம் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மனைவி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பொறுப்பை ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்று உங்களிடம் சொல்வதற்கென்ன. வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. குடிவந்த அன்று ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கி நான்கு இடத்தில் நின்றுவிட்டேன். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன் என்று சமாளித்தேன். படிக்கட்டில் ஜன்னலே இல்லையே என்றாள். டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும் என்று அந்த நிமிஷமே ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு டாக்டர் என்றால் பயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம். சும்மா ஒரு தடவை காட்டிவிட்டு வரலாமே என்று போன என் அண்ணன் ஏழு மாத்திரையோடு திரும்பி வந்தார். அன்றைக்குப் போன சிரிப்பு இன்னும் அவர் முகத்துக்கு வரவில்லை. பார்த்தால்தானே வியாதி? பார்க்காதவரை நான் திடகாத்திரமானவன். தேடுகிற வேலை என் கையில் இருந்தால், டாக்டர் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா. திட்டம் அவ்வளவுதான்.

பாழாய்ப்போன டாக்டர் முதல் நாளே கிடைத்துவிட்டார். இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேல் மாடியில். புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று கொட்டை எழுத்தில் பலகை வேறு. யாரும் பார்ப்பதற்குள் வந்த வழியே நழுவினேன்.

"டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்றாள் மனைவி.

"ஒருத்தர் இருக்காங்க. புதுசா யாரையும் சேர்க்கிறதில்லையாம்."

"அப்படியா? சரி, நாளைக்கு ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க. வரும்போது ஒரு பல்பு வாங்கிட்டு வந்துருங்க."

பாலத்துக்கு அந்தப் பக்கத்து டாக்டருக்கு லீவு என்றேன். அப்படியானால் சந்தைத் தெருவில் பாருங்கள், அப்படியே குழாய்க்கு ஒரு வாஷர் என்றாள். சந்தைத் தெரு டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார் என்றேன். நூலகத்துக்குப் பின்னால் பாருங்கள், இரண்டு சோப்பு என்றாள். கற்பனை வற்றிப்போய் ஒரு நாள், நூலகத்துக்குப் பின்னால் இருப்பவர் நாய் பூனைக்கு வைத்தியம் பார்ப்பவர் என்று சொல்லிவைத்தேன்.

"கேட்டுத்தான் பார்த்திருக்கலாமே," என்றாள்.

ஒவ்வொரு பொய்க்கும் ஒரு தெரு கூடியது. வேண்டியதையெல்லாம் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஒரே நடையில் முடிப்பேனே என்று கெஞ்சிப் பார்த்தேன். வரவர எதுவும் ஞாபகம் இருப்பதில்லை என்று பெருமூச்சு விட்டாள். கல்யாணத்தன்று அவள் சித்தப்பாவிடம் நான் என்ன முணுமுணுத்தேன் என்பதை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பவள் அவள்.

இப்படியே ஒரு மாதம். செருப்பு தேய்ந்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியதாயிற்று. பூட்டுச் சாவி செய்பவர், விடுமுறையிலும் திறந்திருக்கும் கடை, மூக்குக்கண்ணாடிக்குக் காது மாற்றுபவர், சுளுக்கு எடுப்பவர், எல்லாம் எனக்கு அத்துப்படி. கட்டடத்தில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. சாயங்காலம் நான் பையோடு ஏறி வரும்போது மனைவி மேல்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். சோப்புக்குத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் அந்தத் தலைக்கனம்தான் காலை வாரியது. இரண்டாம் மாடித் தையல்காரம்மா படியில் மறித்து, வீட்டுக்காரருக்கு ஓயாத இருமல், நல்ல டாக்டர் யாராவது உண்டா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். விலாசம் கேட்டவருக்குத் தெரியாது என்று சொல்ல இந்த வாய் பழகவில்லை. மருந்துக்கடை மாடி, இடது பக்கப் படி, புதியவர்களை உடனே சேர்ப்பார்கள் என்று விலாவாரியாகச் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் தையல்காரம்மா நன்றி சொல்ல நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தது மனைவி. சார் சொன்ன டாக்டரம்மா தங்கமானவங்க, போன உடனே சேர்த்துக்கிட்டாங்க என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போனார். நான் திருட்டு முழி முழித்தபடி நாற்காலியில் ஒடுங்கினேன்.

மனைவி கோபப்படவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க முதல் நாள் வந்து, யாரையும் சேர்க்கிறதில்லைன்னு சொன்னீங்களே. அன்னிக்கு நீங்க தெரு சுத்திக்கிட்டிருந்தப்பவே நான் அங்க போய் நம்ம ரெண்டு பேர் பேரையும் பதிஞ்சுட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா ஒரு மாசம் என்னை அலையவிட்டே?"

"டாக்டரம்மாதான் சொன்னாங்க. வர மாட்டேங்கிறவரை இழுத்துட்டு வர வேண்டாம், மனசு மாறட்டும், அதுவரைக்கும் நடக்க வைங்க, தினம் கொஞ்சம் கொஞ்சமாத் தூரத்தைக் கூட்டுங்கன்னு. நடங்கன்னு நான் சொன்னா நடப்பீங்களா? நீங்களே தேடறேன்னு கிளம்பினீங்க. சரின்னு விட்டுட்டேன்."

என் கை தானாகப் பெல்ட்டின் புது ஓட்டையைத் தடவியது.

"முதல்ல நாலு இடத்துல நின்னு ஏறுவீங்க. அப்புறம் மூணு. இப்போ ஒரு இடத்துலதான் நிக்கிறீங்க. தினமும் மேல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

அதற்குப் பிறகு ஜகா வாங்க எனக்கு மனசு வரவில்லை. மறுநாளே போனோம். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல்தான், ஒரே ஒரு மாத்திரை போதும், நடையை மட்டும் விடவே கூடாது என்றார் டாக்டரம்மா. ஒரே ஒரு மாத்திரை. அண்ணனுக்கு ஏழு. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

தெருவில் இறங்கியதும் நிம்மதியாக மூச்சுவிட்டு, டாக்டர் கிடைத்தாயிற்று, என் வேலை முடிந்தது, இனி நாற்காலியை விட்டு நகரமாட்டேன் என்று அறிவித்தேன். மனைவி பையை என் கையில் திணித்தாள்.

"நாளையிலேருந்து பல் டாக்டரைத் தேடுங்க."

"எனக்குப் பல்வலியே இல்லையே."

"நீங்க தேடற லட்சணத்துக்கு, கிடைக்கிறதுக்குள்ள வந்துரும்."