செக்‌ஷனும் பிளாட்டூனும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இந்த வயதிலும் வாய் வராது. (பிறவிக் குணம், அதற்கு நான் என்ன செய்ய?) அறுபதுகளில், செஞ்சியில் வாழ்க்கைப்பட்ட புதிதில், அது என்னை நன்றாகக் கவிழ்த்தது.

என் தம்பி காலேஜில் என்.சி.சி. சேர்ந்திருந்தான். கோட்டையில் அவர்களுக்கு முகாம். ஒருநாள் காலை காக்கி உடுப்பில் வீட்டுக்கு வந்தவன், சாயங்காலம் மலையிலிருந்து இறங்கியதும் பையன்களைச் சாப்பிடக் கூட்டிவரலாமா என்று கேட்டான்.

"செக்‌ஷன மட்டும் கூட்டியாரட்டுமா அக்கா, பிளாட்டூனே வரட்டுமா?"

இரண்டுமே எனக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பட்டாளத்து விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி என்று முந்தின நாள்தான் அவரிடம் அளந்திருந்தேன். யோசித்தேன். தாசில்தார் ஒருத்தர், பியூன்கள் நிறைய. ஆக, பேர் கனமாக இருந்தால் ஆள் குறைச்சல். பிளாட்டூன்தான் வாயில் கனத்தது.

பிளாட்டூனே வரட்டும் என்றேன், ராணி மாதிரி.

பத்துப் பேருக்குப் புளிசாதம் கிளறி வைத்தேன். சாயங்காலம் பூட்ஸ் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால் காக்கி, காக்கி, தெருமுனை வரைக்கும் காக்கி.

"இன்னாடா இது?"

"பத்துப் பேர்னா செக்‌ஷன்க்கா. அது மாதிரி மூணு சேந்தாத்தான் பிளாட்டூன். நீதான வரச் சொன்ன?"

எங்களுடையது சமணர் வீடு. பொழுது சாய்ந்தால் சாப்பிடவும் மாட்டோம், பரிமாறவும் மாட்டோம். சூரியனோ கோட்டை இருக்கும் ராஜகிரி மலை உச்சிக்கு ஒரு முழம் மேலே. பசித்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு இந்தத் தெருவில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

சேலையை இழுத்துச் செருகினேன்.

"பூட்ஸ கழட்டிட்டு உள்ள வாங்கடா. நீ தண்ணி எற. நீ தேங்கா துருவு. நீ அடுப்ப ஊது."

ஆளுக்கொரு வேலையாக இறங்கிவிட்டார்கள். (துருவியவன் மட்டும் பாதியைத் தின்றுவிட்டான்.) மாமியாரும் ரவை வறுக்க உட்கார்ந்துவிட்டார். புளிசாதம் தீர்ந்ததும் உப்புமா, அண்டா அண்டாவாக. கடைசிப் பையன் கடைசிக் கவளத்தை விழுங்கவும் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கவும் சரியாக இருந்தது. ஜெயித்துவிட்டேன்!

அப்புறம்தான் நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை. வெளியே இருட்டிவிட்டது.

"பாய விரிடி," என்றார் அவர். சிரித்துச் சிரித்து வயிறு இன்னும் காய்ந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது உபவாசம் இருந்தால், பேரப்பிள்ளைகள் பக்தியோடு விசாரிப்பார்கள்: "இன்னா, வூட்டுக்கு என்.சி.சி. வந்துட்டுப் போச்சா?"