இரண்டு கோட் அடித்த தேயிலை

தேயிலைக்கு வெட்கம், மானம் எதுவும் கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாசத்தை இழுத்துத் தன்மேல் பூசிக்கொள்ளும். தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் சவர்க்காரத்தை வைத்தால் மறுநாள் காலையில் சவர்க்காரத்தைத்தான் குடிக்க வேண்டும். கருவாட்டை வைத்தால் கேட்கவே வேண்டாம். மலையகத்தில் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும். டீ பாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே இதை மறந்துபோன மனிதப் பிறவி ஒன்றைக் காட்டச் சொன்னால், தாராளமாக என்னைக் காட்டுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன், பழகிவிட்டது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாக்டரியில் உதவி டீமேக்கராக (டீ போட்டுக் கொடுக்கிறவர் இல்லை, தூள் தயாரிப்பை மேற்பார்க்கிறவர்) இருந்தேன். அதுவும் பயிற்சிக் காலம். அது முடியும்போது தொரைக்கு (தோட்டத்து மேனேஜரை இன்றைக்கும் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்) என் வேலை பிடித்திருந்தால் நிரந்தரமாக்குவார். நிரந்தரமானால் பாக்டரிக்குப் பக்கத்தில் ஒரு குவாட்டர்ஸ் கிடைக்கும். அதுவரை தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் அப்பாவின் வீடுதான். இரண்டு காம்பரா, அதாவது இரண்டே அறை. அதற்குள் அப்பா, அம்மா, தம்பி, நான், என் மனைவி சுகந்தி. யாராவது தும்மினால் மற்ற நால்வரும் முகம் துடைத்துக்கொள்ள வேண்டும்.

சுகந்தி அந்தக் குவாட்டர்ஸை வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்தே எந்த ஜன்னலுக்கு எந்த நிறத்தில் திரை போடுவது என்று முடிவு செய்து, துணி வாங்கித் தைத்தும் வைத்துவிட்டாள். வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டாள். ஆனால் தினமும் நான் வேலை விட்டு வந்ததும் ஒரே கேள்விதான்: “தொரை இன்னிக்கு சிரிச்சாராங்க?” எங்கள் தொரை சிரிக்கிற ஜாதி இல்லை. கொழும்பில் படித்த சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் பேச்சு குறைந்துவிடும். அவர் பேசாமல் நிற்பதைப் பார்த்தால் பாக்டரி மெஷினே கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவதுபோல எனக்குத் தோன்றும்.

சரி, இனி என் வியாதிக்கு வருகிறேன். எனக்குப் பழைய ரிமோட் கார் பைத்தியம். எல்லா ரிமோட் காரும் இல்லை. டூரிங் கார் என்று ஒரு வகை உண்டு. உண்மையான பந்தயக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, தரையோடு தரையாக ஒட்டி ஓடும். எனக்கு வேண்டியதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்போ, நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலோ ஜப்பானில் செய்தவை. (அம்மா இவற்றை ‘பொம்ம காரு’ என்பார். அதைக் கேட்டால் எனக்கு இன்றும் சுருக்கென்று இருக்கும்.) ஹட்டனில் நஸீர் நானாவின் கடைக்கு ஜப்பானிலிருந்து பழைய சாமான் கண்டெய்னர் வரும். மூடியில்லாத ரைஸ் குக்கர், ஒற்றைக் கால் சப்பாத்து, பனியில் சறுக்குகிற கட்டை எல்லாம் இறங்கும். எங்கள் ஊரில் யார் பனியில் சறுக்கப்போகிறார்கள் என்று நானாவும் யோசித்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்தக் குவியலுக்கு அடியில் சில நேரம் ஒரு டூரிங் கார், டயர் கல்லாகி, பேட்டரி கசிந்து, ஒரு சக்கரம் இல்லாமல் கிடக்கும். அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கியரைக் கழுவி, இன்னொரு உடைந்த காரிலிருந்து சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, அது ஒரு முழம் ஓடினால் எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

அந்த ஆடியில் நானா எனக்காக ஒன்று எடுத்து வைத்திருந்தார். நான் ஏற்கெனவே ஓட வைத்திருந்த ஒரு காருக்குப் பொருத்தமான மேல்கூடு. பாக்கெட்கூடப் பிரிக்காதது. கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக். இந்தக் கூடுகளுக்கு வெளியே பெயின்ட் அடிக்கக் கூடாது, உள்பக்கம் அடிக்க வேண்டும். வெளியே ஒரு மெல்லிய உறை ஒட்டியிருக்கும், கடைசியில் அதை உரித்தால் நிறம் உள்ளிருந்து பளபளவென்று தெரியும். அத்தனை வருடம் யார் கையும் படாத ஒரு கூடு ஜப்பானிலிருந்து கிளம்பி என் கைக்கு வந்து சேர்ந்ததில் ஏதோ தெய்வச் செயல் இருப்பதாகவே நினைத்தேன். தெய்வத்துக்கு வேறு திட்டம் இருந்திருக்கிறது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் கூடி ஓட்டப்போவதாகப் போனில் செய்தி வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமையே ஆட்டோவுக்கு அடிக்கிற சிவப்பு ஸ்ப்ரே பெயின்ட் வாங்கிவந்து, விறகு அடுக்கும் கொட்டகைக்குள் உட்கார்ந்து இரண்டு கோட் அடித்தேன். பிறகுதான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஆடி மழையில் காய்ந்த துணி என்று ஒன்று கிடையாது, ஈரம் குறைந்த துணிதான் உண்டு. புதன் முடிந்து வியாழன் வந்தும் பெயின்ட் விரலில் ஒட்டியது. மூன்று நாளும் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்தக் கொட்டகையிலேயே குந்தியிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சோற்றில் பெயின்ட் வாசம் அடிக்கிறது என்று அம்மா சொன்னபோது, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, அம்மா எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. என் மூக்கு அதற்குள் செத்துவிட்டது.

வியாழன் சாயங்காலம் பாக்டரியில் கடைசிக் கொழுந்தை எடைபோட்டு, மேல்மாடித் தொட்டிகளில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கொழுந்தை அரைப்பதற்கு முன் இரவு முழுவதும் காற்று ஊதி வாட்ட வேண்டும். மழைக் காலத்தில் அந்தக் காற்றைக் கொஞ்சம் சூடாக்கியும் விடுவோம். தொட்டியின் ஒரு முனையில் பெரிய விசிறி, அங்கிருந்து இதமான உலர்ந்த காற்று ஓயாமல் வருகிறது. நான் அங்கே நின்றேன். முகத்தில் சூடு பட்டது. உலகத்திலேயே பெரிய அறிவாளி என்று என்னை நானே நினைத்துக்கொண்ட கணம் அதுதான். வீட்டுக்கு ஓடிப்போய்க் கூட்டைக் கொண்டுவந்து, கடைசித் தொட்டியின் விசிறிக்குப் பின்னால் ஒரு கம்பியில் மாட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டே படியிறங்கினேன்.

விடிந்ததும் முதல் வேலையாக மாடிக்கு ஓடினேன். பெயின்ட் கல்லுபோலக் காய்ந்திருந்தது. உறையை உரித்தேன். அப்படி ஒரு சிவப்பு. அதைச் சட்டைக்குள் மறைத்துக் கீழே கொண்டுபோய் என் பைக்குள் வைத்தபோது கண் கலங்கிவிட்டது. இதே நேரத்தில் அந்தத் தொட்டிக் கொழுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது.

பொழுது நன்றாக ஏறியதும் அன்றைய முதல் தூளைச் சுவை பார்க்கத் தொரை வந்தார். மேசையில் வரிசையாகக் கோப்பைகள். என் மேலதிகாரி டீமேக்கர் பண்டா மாத்தயா (மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா), இந்தப் பாக்டரியிலேயே தலை நரைத்தவர், ஒரு கோப்பையை எடுத்து உறிஞ்சித் துப்பிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமில்லை. தொரை என்னைப் பார்த்து, நீங்கள் குடித்துச் சொல்லுங்கள் என்றார். பயிற்சிக் காலத்தின் கடைசிப் பரீட்சை இதுதான் என்று எனக்குப் புரிந்தது. சத்தமாக உறிஞ்சினேன், வாய்க்குள் உருட்டினேன், துப்பினேன், கண்ணை மூடினேன்.

“நெறம் நல்லா எறங்கியிருக்கு சார். ஸ்ட்ரெங்த்தும் இருக்கு. ஆனா வாசந்தான் சார், நான் இங்க வந்ததுல இருந்து இப்பிடி ஒரு வாசம் பாத்ததில்ல.”

அந்தக் கடைசி வாக்கியம் முழுக்க முழுக்க உண்மை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். தொரை உறிஞ்சினார். உருட்டவில்லை. உடனே துப்பினார். “பெயின்ட்” என்று ஒரே ஒரு சொல் சொன்னார்.

இந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அதற்குப் பதில், வேலையில் என் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. என்னிடம் விடுங்கள் சார், ஆளைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று முன்னால் போய் நின்றேன். பாக்டரியைத் தலைகீழாகப் புரட்டினேன். மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவரின் துணியை வாங்கி மோந்து பார்த்துத் தலையாட்டினேன். பெண்களின் வெற்றிலைப் பொட்டணங்களைப் பிரிக்கச் சொன்னேன். தலைவலித் தைலம் வைத்திருந்த ஒருவரை நிற்க வைத்து, தேயிலை எப்படி வாசத்தை இழுக்கும் என்று விளக்கமாகப் பாடம் எடுத்தேன். (எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தைலத்தைக்கூட நான் லேபிளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.)

ஒன்றும் அகப்படாததால் கடைசியாக ஒரு யோசனை உதித்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதேபோல எல்லோரையும் நிறுத்திக் கையைப் பார்ப்போம். பெயின்ட் தொட்டவன் கையில் பெயின்ட் இருக்கும். தொரைக்கே அந்த யோசனை பிடித்துவிட்டது. வரிசை நின்றது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தொரைமார் நடக்கிற நடை நடந்து, ஒவ்வொரு கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். தேயிலைக் கறை, மெஷின் கறை, வெற்றிலைக் கறை. பெயின்ட் இல்லை. வரிசையின் கடைசியில் தூள் சலிக்கிற ராசம்மா அக்கா. அவர் கையிலும் இல்லை.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க கையெல்லாம் பாத்துட்டீங்க ஐயா. ஒங்க கையயும் ஒருக்கா காட்டுங்க” என்றார்.

அதற்கென்ன, சட்டம் எல்லோருக்கும் பொதுதானே என்று பெருந்தன்மையாக இரண்டு கையையும் முன்னால் நீட்டினேன். பத்து விரலிலும் நகத்தைச் சுற்றி நல்ல சிவப்பு. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு நேர்த்தியாக மருதாணி வைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் ராசம்மா அக்காதான் சிரித்தார். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. தைலக்காரம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கோ அப்போதுதான் விசிறி, கம்பி, சூடான காற்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மண்டைக்குள் வந்து உட்கார்ந்தன. தமிழில் தொடங்கி, சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு, தெரியாத இங்கிலீஷில் முடித்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். பையிலிருந்து கூட்டையும் எடுத்து மேசையில் வைத்தேன். தொரை அதை நெடுநேரம் பார்த்தார், ஆனால் தொடவில்லை.

நல்ல வேளை, கெட்டது அந்த ஒரு தொட்டிக் கொழுந்துதான். அதன் தூள் முழுவதையும் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். குழி வெட்டுகிற பொறுப்பு யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. என் பயிற்சிக் காலம் இன்னொரு ஆறு மாதம் நீண்டது. சுவை பார்க்கிற மேசைப் பக்கம் வரக் கூடாது, மலைக்குப் போய்க் கொழுந்து நிறுக்க வேண்டும். போகும்போது தொரை திரும்பிப் பார்த்து, “ஒங்க மூக்கு திரும்பி வந்தா சொல்லுங்க. மத்தத அப்ப பேசுவோம்” என்றார்.

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதே சுகந்தி வாசலில் நின்றாள். வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“இல்ல” என்றேன். “அவரத் தவிர எல்லாரும் சிரிச்சாங்க.”

முழுவதையும் சொன்னேன். அவள் உள்ளே போனாள். அம்மாவும் அப்பாவும் இருக்கிற வீட்டில் அழுவதற்குக்கூட ஒரு தனி இடம் இல்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, புகை என்று சொல்லிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தக் காரை எடுத்து மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் வீசிவிட்டு, பின்னாலேயே நானும் போய்விடலாம் என்றிருந்தது. நுவரெலியா போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிறு விடிகாலையில் என்னை எழுப்பியது அவள்தான். சேலை கட்டித் தயாராக நின்றாள். “ஒரு வீட்டக் குடுத்து வாங்கின காரு. ஓடுறதயாவது நான் பாக்கணும், எந்திரிங்க” என்றாள். நாள் முழுதும் என்னிடம் கோபமாக இருப்பதற்காகவே கூட வந்தாள் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் கார்ப் பெட்டியை மடியில் வைத்திருந்ததும் அவள்தான், என்னை நம்பவில்லை.

கார் நன்றாக ஓடியது. அதைவிட, எல்லோரும் அந்தச் சிவப்பைச் சுற்றி நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் குனிந்து பார்த்தவர், இன்னும் குனிந்து மோந்தார். இதில் தேயிலை வாசம் வருகிறதே, எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி முந்திக்கொண்டாள். “அது மாத்திக்கிட்டதுங்க. இதோட வாசம் தூளுக்குப் போச்சு, தூளோட வாசம் இங்க வந்துருச்சு.” அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸிலும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஆறு மாதம் மழையில் கொழுந்து நிறுத்தேன். மூக்கு திரும்பி வந்தது. பண்டா மாத்தயா மறுபடியும் என்னை மேசைக்குக் கூட்டிப்போய்த் தினமும் பழக்கினார். வேலை நிரந்தரமானது, குவாட்டர்ஸும் கிடைத்தது. குடிபோன அன்று பண்டா மாத்தயாதான் முதல் விருந்தாளி. சுகந்தி தட்டில் டீ கொண்டுவந்தாள். அவருக்குக் கொடுக்காமல் முதல் கோப்பையை என் கையில் வைத்தாள். “மொதல்ல இவரு குடிக்கட்டும் மாத்தயா. இவரு நல்லாருக்குன்னு சொன்னா, ஒங்களுக்கு வேற போட்டு எடுத்தாறேன்.”

மாத்தயா அதைப் பாக்டரியில் சொன்னார். பாக்டரி தோட்டத்துக்குச் சொன்னது. இப்போது நான் வீட்டில் இரண்டு அலமாரி நிறைய டூரிங் கார் வைத்திருக்கிறேன், பாக்டரியில் என் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது, டீயைப் பற்றி வெளியாட்களுக்குப் பாடம்கூட எடுக்கிறேன். சொந்தக்காரர்கள் மட்டும் அசைவதாக இல்லை. போன மாதம் கினிகத்தேனையில் சுகந்தியின் தங்கை வீட்டில் ஒரு விசேஷம். டீ வந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கோப்பையைக் கையில் பிடித்தபடி, குடிக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வாய் குடித்தேன். உண்மையிலேயே அருமையான டீ.

“நல்லாருக்கு” என்றேன்.

எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.