சரோன் பாட்டில் ஒரு காலி நாற்காலி

தெஹியோவிட்ட.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் ரெஜினோல்ட் அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் அந்தக் கிருபைக்கு வெளியே நிற்கிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்று உங்கள் தங்கை ஹில்டா சொன்னதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

என் மகள் சரோன் எழுதிப் பாடிய பாட்டை யூடியூபில் இரண்டு லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள், கேட்காவிட்டாலும் கேட்டதாகச் சொல்லுங்கள். "வாரேன்னு சொன்னீங்க, வரவேயில்லீங்க, போட்டுவச்ச நாற்காலி காலியாவே கெடக்குதுங்க." அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். ஆனால் கேட்கிற ஆளெல்லாம் தன் கதை என்கிறார்கள். துணிக்கடை வைத்திருக்கும் மாவனல்லை முக்தார் நானாவின் மகன் டுபாயிலிருந்து பெருநாளுக்கு வரவில்லை. அவர் சீத்தைத் துணியை அளந்தபடியே அழுகிறார். "தோமஸ், ஒங்கட மகளுக்கு எங்கட ஊட்டுக் கத எப்பிடித் தெரியும்?" என்கிறார். அவிசாவளை பஸ்ஸில் பாட்டைப் போட்டதும், முக்கால் மணி நேரம் தெருவில் காத்துக்கிடந்த சனமெல்லாம் கண்டக்டர் சதீஸைத் திரும்பிப் பார்க்க, "ஐயோ, என்னைய பத்துன பாட்டு இல்லீங்க, டயர்தாங்க பன்ச்சர்!" என்று அவன் கும்பிட்டான். லயத்துக் கூரையைப் பார்க்க வருவதாக இரண்டு வருஷமாகச் சொல்லிவந்த எங்கள் தோட்டத்துத் தொரை, யாரோ சிங்களத்தில் பொருள் சொல்லக் கேட்டு, மறுநாளே இருபது தகரத்தோடு வந்து இறங்கினார். தொழிற்சங்கத்துக்காரர்கள் செய்யாததை என் மகள் செய்தாள் மச்சான்! ஹில்டாவோ, "எங்க அண்ணனத்தான் பாடியிருக்கா, நத்தார்ப் பண்டிகைக்கு வாரேன்னுட்டு வரலையே" என்று மூக்கைச் சிந்துகிறாள்.

நான் யோசித்துக் கண்டுபிடித்தேன். சரோன் ஊரைச் சொல்லவில்லை, பேரைச் சொல்லவில்லை, ஒரு நாற்காலியை மட்டும் போட்டு வைத்தாள். அவரவர் அதைத் தம் ஆளுக்குப் போட்டதாக எடுத்துக்கொண்டார்கள். இந்த மூளை எங்கள் வம்சத்து மூளை. உங்கள் பக்கத்திலிருந்து வந்தது குரல் மட்டும்தான். எனக்கு மட்டும் அந்தப் பாட்டு ஒட்டவில்லை. ஏனென்றால் நான் சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற ஆள்.

சனிக்கிழமை பெல்மதுளையில் உங்கள் புது வீட்டு ஜெபத்துக்குத் தவறாமல் வந்து முன்வரிசையில் இருப்பேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் கூரை எங்கள் கூரையைப் போல் பாட்டுக்காகக் காத்திருக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாடகியின் தகப்பன்,
தோமஸ்

பி.கு.: தபாலில் போடக் கொடுத்தபோது சரோன் இதைப் படித்துவிட்டாள். சிரிக்கவில்லை. "எட்டாம் ஆண்டுல பாட்டுக்குப் பரிசு வாங்குனேனேப்பா, அன்னைக்கு ஒங்களுக்குப் போட்ட நாற்காலிதான் அது" என்றாள். அன்று வேலை என்று சொல்லியிருந்தேன். வேலை இல்லை மச்சான். ரப்பர் பால் நாற்றத்தோடு மற்ற அப்பாமார் நடுவில் உட்கார வெட்கப்பட்டு, பாடசாலை வாசலோடு திரும்பிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை அவிசாவளையில் மேடையேறிப் பாடுகிறாளாம். நான் எப்படியும் வரமாட்டேன் என்று நினைத்து என்னிடம் சொல்லவேயில்லையாம். ஆகவே உங்கள் வீட்டுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். கோபம் வந்தால் அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள்; சனிக்கிழமையிலிருந்து அது உங்கள் பாட்டு.