சருகு மேசையில் ஒரு விருந்து

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். அரிசி மூட்டை, அப்பாவின் பிரஷர் மாத்திரைகள், அம்மாவின் தையல் மெஷின், ஊருக்கு அனுப்பவென்று பாதி கட்டிய பார்சல், யாரோ கலியாண வீட்டில் தந்து இன்னும் பெட்டி பிரிக்காத தேநீர்க் கோப்பைகள். ஆறு கதிரைகளில் நாலில் உடுப்புக் காயும். நாங்கள் சாப்பிடுவது சோபாவில், தட்டை மடியில் வைத்து, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு.

இதில் எனக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை, சபீனேயின் மேசையைப் பார்க்கும்வரை.

சபீனே யோனாஸின் தாய். யோனாஸ் ஹனோவரில் என்னோடு கட்டடப் பொறியியல் படித்தவன். நான் கலியாணம் செய்ய நினைத்திருந்தவன். என் குடும்பத்தில் அம்மா பக்கத்திலும் சரி அப்பா பக்கத்திலும் சரி, பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வேன். (கேட்காவிட்டால் கேட்கிற மாதிரிப் பேச்சைத் திருப்புவேன்.)

அப்படிப்பட்ட நான், செப்டம்பர் கடைசியில் யோனாஸ் வீட்டுக்கு முதல்தடவை சாப்பிடப் போனேன். மேசையின் நடுவே பாசி நிறத்தில் ஒரு நீளத் துணி. அதன்மேல் மஞ்சளும் சிவப்புமாய் மேப்பிள் இலைகள், உள்ளங்கை அளவுப் பூசணிக்காய்கள், தடித்த மெழுகுதிரி. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வால்நட், அதன் ஓட்டில் தங்க மையால் எழுதிய பெயர். என் பெயரும் இருந்தது. சிந்துஜா, ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல்.

"இலையுதிர்காலம் வந்துவிட்டது, அதை வீட்டுக்குள் கூப்பிட வேண்டாமா?" என்றார் சபீனே.

எனக்கு எங்கள் அரிசி மூட்டை கண்ணுக்கு முன்னால் வந்தது. "அடுத்தமுறை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான் இல்லை, என் மாஸ்டர் பட்டம்.

வீட்டுக்கு வந்து, வருகிற சனிக்கிழமை என்று சொன்னதும் அம்மா தலையில் கை வைத்தார்.

"புரட்டாதிச் சனியிலயோ வரச் சொன்னனீ?"

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமைகளில் அம்மா சனீஸ்வரனுக்கு விரதம். எள்ளெண்ணெய் எரித்து, மரக்கறி சமைத்து, படைத்த சோற்றில் ஒரு பிடியைக் காகத்துக்கு வைப்பார். காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம்.

"மரக்கறி அவையளுக்கு நல்ல விருப்பம் அம்மா."

"மரக்கறியை விடு. ரெண்டு சனியாக் காகம் சோறு எடுக்கேல்லை, தெரியுமே? அந்தப் பெடியன்ர கதையை நீ எடுத்த நாளில இருந்து எடுக்கேல்லை."

அந்தப் பெடியன் என்றால் யோனாஸ். அம்மா அவன் பெயரைச் சொல்வதில்லை. அவனில் ஒரு குறையும் அவருக்குத் தெரியாது, அதுதான் அவருக்கிருந்த பெரிய கஷ்டம். இப்போது சனீஸ்வரனே ஒரு காரணம் தந்துவிட்டார்.

"காகம் வராததுக்கு யோனாஸ் என்ன செய்வான்? எங்கட பல்கனியில புறாக்கள்தானே நிக்குது."

"புறா எடுத்தால் கணக்கில்லை" என்றார் அம்மா. "அவை வரட்டும், சாப்பிடட்டும். ஆனால் இந்தச் சனியும் காகம் எடுக்காட்டி, நான் இந்தக் கலியாணத்துக்கு ஓம் சொல்ல மாட்டன். சொல்லிப் போட்டன்."

நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. என் கணக்குப்படி சம்மதம் வாங்க வேண்டிய ஆள் சபீனே. அம்மா எப்படியும் ஓம் என்பார், காகம் என்ன பெரிய காகம் என்று நினைத்தேன். ஒரு நல்ல மேசை எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று, அவ்வளவு படித்த நான், உண்மையாகவே நம்பினேன்.

மேசையைக் கணினியில் அளவுத்திட்டத்துடன் வரைந்தேன். (சிரிக்காதீர்கள். மெழுகுதிரிக்கும் பூசணிக்கும் இடைவெளிகூடக் குறித்திருந்தேன்.) வியாழக்கிழமை ஐலன்ரீடெ காட்டுக்குப் போய் இரண்டு பை நிறைய இலை பொறுக்கிவந்து மேசையில் காயப் பரப்பிவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் மேசை கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. ஒரு இலை இல்லை.

அப்பா பெருமையோடு நின்றார். "நல்லாத் துடைச்சு விட்டிருக்கிறன் பிள்ளை. யன்னலால பறந்து வந்திருக்கு, சரியான குப்பை."

அப்பா எங்கள் குடியிருப்பின் பராமரிப்பாளர். இலையுதிர்காலம் முழுக்க அவருக்கு வேலையே இலை கூட்டுவதுதான். காலை ஆறு மணிக்கே, இலையை ஊதித் தள்ளும் இயந்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார். அவரிடம் போய் அது குப்பை இல்லை, டேக்கோ என்றேன். இங்கே வளர்ந்த நாங்கள் அலங்காரத்தை அப்படித்தான் சொல்வோம்.

"டேக்கோ?" அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "விடிய எழும்பி நான் வெளியில தள்ளுறதை நீ உள்ளுக்குக் கொண்டுவந்து மேசையில போடுறாய். இதுக்கே பிள்ளை மாஸ்டர் படிச்சனீ?"

சொல்லிவிட்டு இறங்கிப் போனவர், முற்றத்தில் தான் கூட்டிக் கட்டிய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்:

"என்ன சாதி இலை வேணும்? மேப்பிளோ ஓக்கோ? ரெண்டும் புறம்பாக் கட்டி வைச்சிருக்கிறன்!"

சனிக்கிழமை மேசை தயாரானது. அரிசி மூட்டை குளியலறைக்கும் தையல் மெஷின் என் கட்டிலுக்கும் குடிபெயர்ந்தன. பாசி நிறத் துணி, ஹீற்றருக்குக் கிட்ட வைத்து இரவிரவாகக் காயவைத்த இலைகள், பூசணிகள், மெழுகுதிரி, தங்க மையில் பெயர் எழுதிய ஆறு வால்நட். சபீனேயின் மேசையைவிட ஒரு பிடி கூடுதல் என்றுகூடச் சொல்வேன். அம்மா கையில் அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பூசணியைக் கறி வைக்கேலாதோ?"

"ஏலாது அம்மா. நஞ்சு."

"நஞ்சைச் சாப்பாட்டு மேசையில வைக்கினமே?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார்.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்குச் சரியாக மணியை அடித்தார்கள். தமிழ் வீட்டில் அது அப்பளம் பொரிக்கத் தொடங்கும் நேரம். சபீனே மேசையைக் கண்டதும் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து "சிந்துஜா!" என்றார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. யோனாஸின் அப்பா யூர்கன் அதிகம் பேசாத மனிதர்; பேசாமல் போய்த் தன் பெயர் எழுதிய வால்நட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அம்மா படையலில் ஒரு பிடி எடுத்து, எள்ளும் போட்டு, பல்கனியில் வைத்தார். காகம் வருவது தெரிய வேண்டும் என்று கதவையும் ஆவென்று திறந்துவிட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். குசினியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பும் பாயாசமும் மணந்தன. மேசைக்கு ரசச் சட்டி ஒன்று மட்டும் வந்திருந்தது, அதுவும் அப்பா அவசரப்பட்டுக் கொண்டுவந்தது.

நேரம் போனது. குளிர்காற்று உள்ளே வந்தது. சபீனே தன் கோட்டை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"எதற்காகக் காத்திருக்கிறோம்?" என்று மெல்லக் கேட்டார்.

காகத்துக்காக என்று சொல்ல என் பட்டம் இடம் தரவில்லை. "இன்னும் ஒரு விருந்தாளி வரவேண்டும்" என்றேன்.

"அப்படியா! அவருக்கு நட் வைக்கவில்லையே?"

யோனாஸ் என்னைப் பார்த்தான். நான் மெழுகுதிரியைப் பார்த்தேன். பல்கனியில் ஒரு புறா வந்து எட்டிப் பார்த்தது, அம்மா "சூ!" என்று துரத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பார்த்தியே? நான் சொன்னனான்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. அம்மா முடிவெடுத்துவிட்டார். முதல்தடவையாக எனக்கு யோனாஸ் இல்லாத வாழ்க்கையும் அதில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஒரு அழகான மேசையும் கண்ணுக்குத் தெரிந்தன.

அந்த நேரம் பார்த்து யூர்கனுக்குப் பசி தாங்கவில்லை. பேசாமல் தன் வால்நட்டையும் பக்கத்தில் கிடந்த அப்பாவின் வால்நட்டையும் ஒரே கைக்குள் வைத்து நெரித்தார். படார் என்று ஒரு சத்தம்.

பல்கனிக் கம்பியில் காகம் வந்து இறங்கியது.

அம்மாவின் உதடுகள் அசைந்தன. காகம் சோற்றைப் பார்த்தது. பார்த்துவிட்டு அதைத் தாண்டி நடந்தது. வாசற்படியில் ஒரு தத்து, கதிரை முதுகில் ஒரு தத்து. அடுத்தது என் பாசி நிறத் துணி.

சபீனே அசையாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்: "இவர்தானா?"

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

அது இலைகளை மிதித்துக்கொண்டு நடந்தது. ஒரு பூசணியை உருட்டிவிட்டது. என் வால்நட்டைக் கொத்திப் பார்த்து வேண்டாம் என்று வைத்தது. (அந்த அவமானம் எனக்கு இன்றும் ஆறவில்லை.) அப்பாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் ஓடிப்போய்த் தூசி உறிஞ்சும் மெஷினை இழுத்துவந்தார்.

"இஞ்சாருங்கோ, போடாதேங்கோ! சனீஸ்வரன்!" என்று அம்மா கத்தினார்.

"சனீஸ்வரன் மேசையில ஏறுவாரே?" அப்பா பொத்தானை அமத்திவிட்டார்.

மெஷின் உறுமியது. காகம் எதையோ வாயில் கவ்விக்கொண்டு எழும்பியது. அதன் சிறகு பட்டு மெழுகுதிரி விழுந்தது. என் இலைகள் எவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. மேசையின் நடுவில் நீளமாக ஒரு நெருப்புப் பிடித்தது. திட்டத்தில் நான் குறித்த இடைவெளிகளை அது கொஞ்சமும் மதிக்கவில்லை. எரிபொருள், காற்று, பரவும் வேகம் எல்லாம் பரீட்சைக்குப் படித்தவள் நான்; "அம்மா!" என்று கத்தினேன்.

சபீனே எழும்பினார். ரசச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி, ஒரே ஊற்றில் ஊற்றினார்.

சூ என்று அணைந்தது. வீடு முழுக்க மிளகும் சீரகமும் மணந்தன. அப்பா மெஷினை நிறுத்தினார். கரிக்கும் ரசத்துக்கும் நடுவே பூசணிகள் மிதந்தன. நான் கலியாணம், மேசை, மரியாதை எல்லாம் முடிந்தது என்று அழத் தொடங்கினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பல்கனியில் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காகம் வால்நட்டைக் கார் நிறுத்துமிடத்தில் மேலிருந்து போட்டு உடைத்து, ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"சிந்து, அது ஆரின்ர பேரை எடுத்தது?"

ரசத்துக்குள் கைவிட்டுத் தேடினேன். சபீனே இருந்தது. அம்மா இருந்தது. ஒரு கொத்தோடு நானும் இருந்தேன். இரண்டு யூர்கனின் வயிற்றில்.

"யோனாஸ்" என்றேன்.

அம்மா சாமியறைக்குள் போனார். திருநீற்றுத் தட்டோடு வந்து யோனாஸுக்கு முன்னால் நின்றார். அவன் உயரத்துக்கு எட்டவில்லை, அவன் குனிந்தான். பூசினார்.

"மாப்பிள்ளை, சாப்பிட வாங்கோ" என்றார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் சபீனேக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். அவரும் நெற்றியை நீட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார், பின்னால் யூர்கன்.

மேசையில் சாப்பிட ஏலாது. ஆகவே வழக்கம்போல எல்லாரும் சோபாவில் நெருக்கிக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். யூர்கன் மூன்றுமுறை சோறு வாங்கினார். ஊற்றியது போக மிச்ச ரசத்தை ஒரு கப்பில் வாங்கிக் குடித்துவிட்டு, சபீனே சொன்னார்: "இதை அணைக்கவும் குடிக்கவும் வைத்திருக்கலாம்."

இப்போதும் செப்டம்பரில் சபீனே மேசை அலங்கரிக்கிறார். பெயர் எழுதாத ஒரு வால்நட்டை யன்னலோரம் வைக்கிறார். மெழுகுதிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி ரசம் கட்டாயம் இருக்கும். அதைச் செய்து கொடுத்தனுப்புவது அம்மா. "காகத்துக்குக் கிட்ட இருந்தது யோனாஸின்ர வால்நட், அவ்வளவுதான்" என்று அப்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அன்று முழுக்க அவருக்குத் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

கோயிலில் யாராவது அம்மாவைப் பிடித்து, "வெள்ளைக்கார மாப்பிள்ளையாமே, சாதகம் பாத்தனீங்களோ?" என்று கேட்டால், அம்மாவிடம் பதில் தயார்.

"சாதகம் பாக்கேல்லை அக்கா. காகம் பாத்தது."

பிறகு முழுக் கதையும் நடக்கும். காகம் வரும், நெருப்பு வரும், சம்பந்தியம்மாவின் ரசம் வரும். என் மாஸ்டர் பட்டம் மட்டும் வருவதே இல்லை. அந்தக் கதையில் நான், சருகு பொறுக்கிக்கொண்டு வந்த பிள்ளை.